போடாத ஊசி

அந்தத் தெருவில் பாதிப் பேருக்கு அவள் பெயர் தெரியாது. ஊசியக்கா என்றால் போதும். பதினேழு வருஷமாகச் சுகாதார நிலையத்தில் குழந்தைகளுக்குத் தடுப்பூசி போடுகிற நர்ஸ். அவள் கடைக்குப் போனால், இடுப்பில் இருக்கிற குழந்தைகள் அவளைக் கண்டதும் உதட்டைப் பிதுக்கும். "உங்க பேரைச் சொன்னாத்தான் அக்கா இவனுக்கு ஒரு வாய் உள்ள இறங்குது" என்று தாய்மார்கள் சிரிப்பார்கள். அவளும் சிரிப்பாள். பூச்சாண்டிக்கு அடுத்த இடம் தனக்குத்தான் என்று அவளே சொல்லிக்கொள்வதுண்டு.

அவளுக்குக் கல்யாணம் ஆகவில்லை. அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போனபோது அவளுக்கு இருபத்தொன்று, தங்கைக்குப் பதினொன்று. தங்கையைப் படிக்கவைத்து, தையல் பழகவைத்து, லிஃப்ட் மெக்கானிக் ஒருவனுக்குக் கட்டிக்கொடுத்து நிமிர்ந்தபோது காதோரம் நரை எட்டிப் பார்த்திருந்தது. தங்கை வீடு இரண்டு தெரு தள்ளி, மூன்றாவது மாடியில். அந்தக் கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. "ஊர்ல இருக்கிற லிஃப்டை எல்லாம் ஓட வைக்கிறார், வீட்டுக்கு வரணும்னா நாங்க மூச்சு வாங்கணும்" என்று தங்கை புருஷனைக் கிண்டல் செய்வாள். கீழ்த்தளத்தில் ரொட்டிக்கடை. கடைக்குப் பின்னால் இருந்த இரண்டு அறைகளில் ரொட்டிக்கடைக்காரரும் அவர் மனைவியும் நான்கு வயது மகளும் குடியிருந்தார்கள். மகள் படியில் விழுந்து முன்பல்லை உடைத்துக்கொண்டதிலிருந்து எல்லோருக்கும் 'ஓட்டைப்பல்லு'. தங்கையின் பையனுக்கு மூன்று வயது. ஓர் இடத்தில் உட்காராமல் சுற்றுவதால் அவன் 'வண்டு'. இரண்டு பேரும் சேர்ந்தால் படிக்கட்டே அதிரும்.

புதுக் காய்ச்சல் வந்த முதல் வருஷம் அது பெரியவர்களைத்தான் வாரிக்கொண்டு போனது. இரண்டாம் வருஷம் குழந்தைகள் பக்கம் திரும்பியது. நுரையீரலில் போய் உட்கார்ந்துகொண்டால் நான்கைந்து நாளில் முடிந்துவிடும். அந்த வருஷத்தின் நடுவில்தான் ஐந்து வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு ஊசி வந்தது. நான்கு வார இடைவெளியில் இரண்டு டோஸ்.

சுகாதார நிலையத்தில் ஊசியக்கா பார்க்காத பெற்றோர் இல்லை. விடியும் முன்பே வந்து முதல் ஆளாக நிற்கிறவர்கள் இருந்தார்கள். குப்பியைக் கையில் வாங்கி, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, காலாவதித் தேதியை மூன்று முறை படித்த தகப்பன் ஒருவர் இருந்தார். மாமியாருக்குத் தெரியாமல் குழந்தையைக் காய்கறிப் பையோடு தூக்கிக்கொண்டு ஓடி வந்தவள், "சீக்கிரம் அக்கா, கடைக்குன்னு சொல்லிட்டு வந்திருக்கேன்" என்றாள். "முதல்ல எல்லாரும் போடட்டும், அவங்க பிள்ளைங்களுக்கு ஒண்ணும் ஆகலைன்னா அப்புறம் நாங்க" என்று சுவரோரமாக நின்று வேடிக்கை பார்த்துவிட்டுப் போன ஆசிரியர் ஒருவர். யாரிடமும் அவள் குரலை உயர்த்தியதில்லை. காய்ச்சல் வரும், இரண்டு நாள் சிணுங்கும், அவ்வளவுதான் என்பாள். "உங்க வீட்டுப் பிள்ளையா இருந்தா போடுவீங்களா?" என்று கேட்பார்கள். "கண்ணை மூடிக்கிட்டுப் போடுவேன்" என்பாள். பொய்யில்லை, மனசாரத்தான் சொன்னாள்.

தங்கையிடம் மட்டும் அவளுக்குப் பேச்சு வராது. அதற்குக் காரணம் இருந்தது.

ஆறு வருஷத்துக்கு முன்னால் தங்கைக்கு முதலில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. ஒன்பதாம் மாசத்து ஊசியை ஊசியக்காதான் போட்டாள். மூன்றாம் நாள் விடிகாலையில் குழந்தையின் உதடு நீலமாகிவிட்டது. ஆஸ்பத்திரி வாசலைத் தொடும்போது மூச்சு இல்லை. பிறவியிலேயே இதயத்தில் கோளாறு, யார் கண்ணிலும் படவில்லை, ஊசிக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்று பெரிய டாக்டர் விளக்கினார், எழுதியும் கொடுத்தார். தங்கை கேட்டுக்கொண்டாள். அக்காவை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அடுத்து வண்டு பிறந்த பிறகு அவனுக்கான ஊசிகளுக்கெல்லாம் அவன் அப்பாதான் தூக்கிக்கொண்டு போனான், அதுவும் வேறு ஆஸ்பத்திரிக்கு. ஒவ்வொரு ஊசிக்குப் பிறகும் தங்கை மூன்று நாள் தையல் மெஷினைத் தொடமாட்டாள். தொட்டில் பக்கத்திலேயே உட்கார்ந்து பையன் உதட்டைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

இந்தப் புது ஊசிக்கு லிஃப்ட் மெக்கானிக் முதல் வாரத்திலேயே பெயர் கொடுத்துவிட்டான். ஒரு வருஷத்துக்கு மேலாகப் பையனைத் தெருவில் இறங்கவிடாமல் வைத்திருந்தான். "வெளியில போய் அவன் கால் மண்ணுல பட்டு எத்தனை நாளாச்சு அண்ணி? இதைப் போட்டாத்தான் எனக்கு உயிர் வரும்" என்றான். அந்தப் பகுதிக் குழந்தைகளுக்கு ஊசியக்காவின் நிலையத்தில்தான் இடம். துணைக்கு ஒருவர்தான் உள்ளே வரலாம். வண்டு அம்மாவின் கழுத்தை விடவில்லை. அதனால் தங்கைதான் அவனைத் தூக்கிக்கொண்டு திரைக்கு உள்ளே வந்தாள். மெக்கானிக் வெளியே வேப்பமர நிழலில் வண்டியைச் சாய்த்து அதன்மேல் உட்கார்ந்திருந்தான்.

ஊசியக்கா மருந்தை ஏற்றிவிட்டு, "வாடா வண்டு, பெரியம்மாகிட்ட தொடையைக் காட்டு" என்று திரும்பினாள். தங்கையின் முகம் வெளிறிக் கிடந்தது.

"அக்கா, போடாதே."

"என்னடி இது, கடைசி நிமிஷத்துல?"

"போட்ட மாதிரி எழுதிடு. அவருக்குத் தெரிய வேண்டாம். உன் கால்ல விழறேன்."

"பைத்தியமாடி உனக்கு? வெளியில முப்பது பேர் நிக்கிறாங்க. நான் எத்தனை ஆயிரம் பிள்ளைங்களுக்கு..."

"அவளுக்கும் நீதான் போட்டே."

தங்கை சத்தம் போடவில்லை. கோபமாகக்கூடச் சொல்லவில்லை. துணிக்கு அளவு சொல்கிறவள் மாதிரி சொன்னாள். ஐந்து வருஷமாக அவள் வாயிலிருந்து வராத வார்த்தை. வரவே வராது என்றுதான் அக்கா நம்பியிருந்தாள். வந்துவிட்டது.

அதற்குப் பிறகு நடந்ததற்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. ஊசியக்கா இடது கையில் ஒரு பஞ்சுருண்டையை எடுத்து, சிரிஞ்சை அதில் வைத்து அழுத்தினாள். இத்தனூண்டு மருந்து. பஞ்சு நனைந்தது கண்ணுக்குக்கூடத் தெரியவில்லை. அதைக் குப்பைத்தொட்டியில் போட்டாள். வண்டுவின் தொடையில் வட்டமாக ஒரு பிளாஸ்திரி ஒட்டினாள். பையன் ஒன்றும் புரியாமல் அதைத் தடவிப் பார்த்துச் சிரித்தான்.

தங்கை வெளியே பார்த்தாள். திரைக்கு அந்தப் பக்கம், பத்தடி தூரத்தில் அவன் அப்பா. சட்டென்று பையனின் இன்னொரு தொடையைக் கிள்ளினாள். அவன் வீரிட்டு அழுதான். அந்த அழுகையோடு அவனைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனாள். "ஆச்சு, ஆச்சு, என் ராசா, அவ்வளவுதான்" என்று மெக்கானிக் கையை நீட்டி வாங்கிக்கொள்வது ஊசியக்காவுக்குக் கேட்டது. அவள் அட்டையில் தேதி எழுதி, கையெழுத்துப் போட்டாள். அடுத்த குழந்தையைக் கூப்பிட்டாள்.

நான்கு வாரம் கழித்து இரண்டாவது டோஸ். இந்த முறை எப்படியாவது போட்டுவிடுவது என்று ஊசியக்கா மனசைத் தேற்றிக்கொண்டுதான் வந்தாள். தங்கை உள்ளே வந்து நின்று அவளைப் பார்த்தாள், ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியிருக்கவில்லை. இரண்டாவது கையெழுத்து முதல் கையெழுத்தைவிட நேராக விழுந்தது.

அட்டை கைக்கு வந்ததும் மெக்கானிக் பையனுக்கு உலகத்தைத் திறந்துவிட்டான். வேலை செய்கிற இடத்துக்கெல்லாம் வண்டியின் முன்னால் உட்காரவைத்துக் கூட்டிக்கொண்டு போனான். பதினான்கு மாடி லிஃப்டில் ஏறி இறங்கவைத்தான். பகல் நேரக் காப்பகத்தில் சேர்த்தான். அங்கே அட்டையைக் காட்டினால்தான் சேர்ப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை கூட்டாளி வீட்டுக் கூட்டத்தில் பையன் பத்து மடி மாறி உட்கார்ந்தான். தங்கை வேண்டாம் என்பாள். "ரெண்டு ஊசி போட்டாச்சு, இன்னும் என்ன பயம் உனக்கு?" என்பான். அவளால் அதற்கு மேல் என்ன சொல்ல முடியும்? தலைவலி என்று படுத்துக்கொள்வாள். மாஸ்க் போட்டுவிடுவாள், அவன் கழற்றிவிடுவான்.

இரண்டாவது டோஸ் தேதி முடிந்து ஏழாவது வாரம், வண்டுவுக்குக் காய்ச்சல் வந்தது. மூன்றாம் நாள் காலையில் விலா எலும்பு உள்வாங்குகிற மாதிரி மூச்சுவிட்டான். பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். ஊசியக்கா வேலையைப் போட்டுவிட்டுப் பின்னாலேயே போனாள்.

அவசரப் பிரிவில் இளம் டாக்டர் ஒருவர் பையனுக்கு ஆக்ஸிஜன் மாட்டிக்கொண்டே கேட்டார்: "தடுப்பூசி?"

மெக்கானிக் சட்டைப் பையிலிருந்து அட்டையை எடுத்து நீட்டினான். பிளாஸ்டிக் உறை போட்டு வைத்திருந்தான். "ரெண்டும் போட்டாச்சு டாக்டர். ஒரு நாள் தவறலை. இவங்கதான் போட்டாங்க, என் அண்ணி, நர்ஸு."

டாக்டர் அட்டையையும் பையனையும் மாறி மாறிப் பார்த்தார். "ரெண்டு டோஸ் போட்ட பிள்ளை சாதாரணமா இவ்வளவு மோசமாகாது. கழுத்து வேற விறைப்பா இருக்கு. இது வேற எதுவோன்னு சந்தேகமா இருக்கு. மூளைக் காய்ச்சலான்னு பார்க்கணும். முதுகுல ஊசி விட்டு நீர் எடுக்கணும்."

ஊசியக்கா வாயைத் திறந்தாள். தங்கையின் விரல்கள் அவள் மணிக்கட்டைப் பிடித்தன. அந்தப் பிடியில் இருந்த பலம் ஒரு தையல்காரியின் கைக்கு உரியதுதான், ஆனால் உதறியிருக்கலாம். உதறவில்லை. மெக்கானிக் படிவத்தில் கையெழுத்துப் போட்டான். இரண்டு பேர் பையனைச் சுருட்டிப் பிடித்துக்கொள்ள, விரல் நீளத்துக்கு இருந்த ஊசி அவன் முதுகில் இறங்கியது. அவனுக்கு அழுவதற்கு மூச்சு போதவில்லை. தங்கை சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றாள். மூளையில் ஒன்றும் இல்லை என்று மத்தியானம் முடிவு வந்தது. அதே காய்ச்சல்தான், நுரையீரலில்.

வண்டு தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்த அந்த நாட்களில் மெக்கானிக் வராந்தாவில் உட்கார்ந்து போனில் பேசிப் பதிவு செய்து, தங்கள் கட்டடக்காரர்கள் குழுவுக்கு ஒரு செய்தி அனுப்பினான். ஒன்றரை நிமிஷம். இடையிடையே அவன் குரல் உடைந்தது. "ரெண்டு ஊசியும் போட்டேங்க. ஒரு நாள்கூடத் தள்ளிப் போடலை. என் பிள்ளை இப்போ குழாய்ல மூச்சு விடறான். நான் யாரையும் வேண்டாம்னு சொல்லலை. ஆனா இதை நம்பி ஏமாந்துடாதீங்க." அவன் யாரையும் ஏமாற்ற அதைச் சொல்லவில்லை. அவனுக்குத் தெரிந்த உண்மை அது. சாயங்காலத்துக்குள் அது கட்டடத்தைத் தாண்டி, தெருவைத் தாண்டி, முன்பின் தெரியாத ஆட்களின் போன்களில் எல்லாம் அழுதுகொண்டிருந்தது.

அடுத்த திங்கட்கிழமை சுகாதார நிலையத்தில் அறுபது பேர் வரவேண்டிய இடத்தில் பதினோரு பேர் வந்தார்கள். செவ்வாய்க்கிழமை ஏழு. திறந்த குப்பியை அன்றைக்கே தீர்க்க வேண்டும், வைத்திருந்து போட முடியாது. மிச்சமான மருந்தைக் கொட்டிவிட்டுப் பதிவேட்டில் 'வீண்' என்று எழுதச் சொன்னார் நிலையத்துக்குப் பொறுப்பான டாக்டரம்மா. "என்ன ஆச்சு இந்த ஜனங்களுக்கு?" என்று ஆளில்லாத பெஞ்சுகளைப் பார்த்துக் கேட்டார். ஊசியக்கா பேனாவை மூடினாள்.

புதன்கிழமை காலையில் ஆஸ்பத்திரிக்கு மாற்றுத்துணி எடுக்க ஊசியக்கா தங்கை வீட்டுக்குப் போனாள். ரொட்டிக்கடைக்காரர் மனைவி மாவுக் கையோடு வெளியே வந்தாள். ஓட்டைப்பல்லு அம்மாவின் முந்தானைக்குள் புகுந்துகொண்டு, "ஊசியக்கா வந்தாச்சு, ஓடு!" என்று தனக்குத்தானே கத்திக்கொண்டது.

"வண்டு எப்படி இருக்கான் அக்கா?"

"அப்படியேதான் இருக்கான்."

"நாளைக்கு இவளுக்கு முதல் ஊசித் தேதி." அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "இவர் போட்டுத்தான் ஆகணும்னு நிக்கிறார். எனக்குத்தான் மனசு ஒப்பலை. போடட்டுமா?"

"போடுங்க. கண்டிப்பா போடுங்க. நாளைக்குக் காலையில கூட்டிட்டு வாங்க, நானே போடறேன்."

"அப்போ வண்டுக்கு ஏன் வந்தது?"

எளிமையான கேள்வி. அதற்கு ஒரே ஒரு பதில்தான் இருந்தது. சொல்ல மூன்று வார்த்தை போதும். ஊசியக்கா அந்தப் பெண்ணின் மாவு படிந்த விரல்களைப் பார்த்தாள், முந்தானைக்குள்ளிருந்து எட்டிப் பார்த்த கண்ணைப் பார்த்தாள். மேல்மாடியில் இருக்கும் தங்கை வீட்டுச் சாவி அவள் கையில் இருந்தது.

"சில பேருக்கு அப்படி ஆகறதுண்டு" என்றாள்.

ரொட்டிக்கடைக்காரர் மனைவி அவள் முகத்தைப் பார்த்தாள். "சொந்தப் பெரியம்மா, பார்த்துப் பார்த்துப் போட்டதே இப்படின்னா..." என்று இழுத்தாள். "கொஞ்சம் பொறுத்துப் பார்க்கிறோம் அக்கா. தப்பா எடுத்துக்காதீங்க."

ஊசியக்கா படி ஏறிப் போய்த் துணியை எடுத்துக்கொண்டு வந்தாள்.

வண்டு அந்த வாரக் கடைசியில் கண் திறந்தான். குழாயை எடுத்தார்கள். நுரையீரலில் ஒரு பக்கம் தழும்பாகிவிட்டது, ஓடியாடினால் இளைக்கும், போகப்போகத் தெரியும் என்றார்கள். உயிர் பிழைத்ததே போதும் என்று மெக்கானிக் டாக்டரின் கையைப் பிடித்து அழுதான். அவன் அழுத அதே நாளில் ஓட்டைப்பல்லுவுக்குக் காய்ச்சல் ஆரம்பித்தது. ஐந்தாம் நாள் மத்தியானம் இரண்டு மணிக்கு, அதே ஆஸ்பத்திரியில், வண்டு படுத்திருந்த வார்டுக்கு இரண்டு கதவு தள்ளி, அது இறந்துபோனது.

ரொட்டிக்கடைக்காரர் ஒரு துணி மூட்டையைத் தூக்குகிற மாதிரி மகளைத் தூக்கிக்கொண்டு வராந்தாவில் நடந்ததை ஊசியக்கா பார்த்தாள். அவர் மனைவி பத்தடி பின்னால் வந்தாள். அவர் ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

மறுநாள் காலை ஊசியக்கா வேலைக்கு வந்ததும் வெள்ளைக் கோட்டு மாட்டவில்லை. நேராக டாக்டரம்மா அறைக்குப் போனாள். நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். முதல் டோஸ், பஞ்சு, பிளாஸ்திரி, இரண்டாவது டோஸ்.

டாக்டரம்மா முதலில் கதவைச் சாத்தினார். "எத்தனை பேருக்கு?"

"ஒருத்தனுக்குத்தான் மேடம். என் தங்கச்சி பையன்."

"ஒருத்தனுக்குத்தான்னு நான் நம்பறேன்னே வச்சுக்கோ. வெளியில யார் நம்புவா? பதினேழு வருஷமா நீ கையெழுத்துப் போட்ட அட்டை எத்தனை வீட்ல இருக்கு, தெரியுமா உனக்கு?" அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். "உன்னை வச்சுத்தான் நான் புதுசா வர்ற பொண்ணுங்களுக்கு வேலை சொல்லிக் கொடுத்தேன். எழுதிக் கொடுத்துட்டுப் போ. இனிமே அந்தத் திரைக்குள்ள நீ போகக் கூடாது."

எழுதிக் கொடுத்தாள். அங்கிருந்து ஆஸ்பத்திரிக்குப் போனாள். வண்டு தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். மெக்கானிக் அவனுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தான். "தம்பி, கொஞ்சம் வெளியில வாங்க" என்றாள். தங்கை அவள் முகத்தைப் பார்த்ததுமே புரிந்துகொண்டு எழுந்து கூடவே வந்தாள். தடுக்கவில்லை.

மெக்கானிக் முழுவதையும் கேட்டான். அவன் கத்துவான், அடித்தாலும் அடிப்பான் என்று அவள் நினைத்திருந்தாள். அவன் கையில் கஞ்சிக் கரண்டி இருந்தது. அதைக் கீழே வைக்க இடம் தேடுகிறவன் மாதிரி அங்கும் இங்கும் பார்த்தான்.

"முதுகுல ஊசி போட்டப்போ நீங்க ரெண்டு பேரும் அங்கதானே நின்னீங்க" என்றான்.

"கீழ் வீட்டுப் பொண்ணு..." என்று ஆரம்பித்தவன் நிறுத்திவிட்டான். தன் போனை எடுத்துப் பார்த்தான். அந்த ஒன்றரை நிமிஷம் அவனுக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும். சுவரில் முதுகைச் சாய்த்து அப்படியே தரையில் உட்கார்ந்தான். "நான் சொன்னதைக் கேட்டுத்தானே... நான்தானே சொன்னேன், நம்பாதீங்கன்னு."

அவன் உள்ளே போன பிறகு அக்காவும் தங்கையும் மட்டும் நின்றார்கள்.

"ஏன் அக்கா அன்னைக்கு நீ என்னை அறையலை?" என்றாள் தங்கை. "நான் ஒரு பிள்ளையைப் பறிகொடுத்தவ. நான் பயப்படத்தான் செய்வேன். என்னென்னவோ சொல்வேன், கால்ல விழுவேன். நீ நர்ஸு. ஒரு அறை விட்டுட்டு அவனுக்குப் போட்டிருக்கலாமே. போட்டிருக்கலாமே அக்கா."

"நீ அந்த வார்த்தையைச் சொன்னதும் எனக்குக் கை ஓடலை."

"அதை நான் நம்பிச் சொல்லலை" என்றாள் தங்கை. "வேற எதைச் சொன்னாலும் நீ கேட்க மாட்டேன்னு தெரியும். அதான் சொன்னேன்."

ஊசியக்கா தங்கையைப் பார்த்தாள். கையால் வளர்த்த முகம். முதல் தடவையாக அது அவளுக்கு யாரோ மாதிரி இருந்தது.

சாயங்காலம் ரொட்டிக்கடைக்குப் போனாள். கடையின் ஷட்டர் பாதி இறக்கியிருந்தது. ரொட்டிக்கடைக்காரர் மனைவி கடைவாசலில் உட்கார்ந்து, அரிசியா கல்லா என்று தெரியாமல் எதையோ பொறுக்கிக்கொண்டிருந்தாள். ஊசியக்கா அவள் எதிரே தரையில் உட்கார்ந்து சொன்னாள். சொல்லி முடித்ததும் அந்தப் பெண் முறத்தைக் கீழே வைத்தாள். அழவில்லை.

"நேத்திலிருந்து அவர் என்கிட்ட பேசலை" என்றாள். "நீதான் வேண்டாம்னே, நீதான் கொன்னேன்னு ஒரே ஒரு தடவை சொன்னார். அதுக்கப்புறம் பேச்சே இல்லை. நானும் அப்படித்தான் நினைச்சுக்கிட்டிருக்கேன்." ஊசியக்காவின் கையைப் பிடித்து எழுப்பினாள். பரிவான பிடி இல்லை அது. "உள்ள வாங்க. இப்போ சொன்னதை ஒரு வார்த்தை விடாம அவர்கிட்ட சொல்லுங்க. நான் உங்ககிட்ட கேட்டேன், நீங்க பொய் சொன்னீங்கன்னு, அதையும் சொல்லுங்க."

அடுப்பு எரியாத உள்ளறையில் ரொட்டிக்கடைக்காரர் மாவு மூட்டைமேல் உட்கார்ந்திருந்தார். ஊசியக்கா நான்காவது முறையாக அன்றைக்கு எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லச் சொல்ல எளிதாகவில்லை. அவர் தலை நிமிராமல் கேட்டார்.

"போட்டிருந்தா பொழைச்சிருப்பாளா?"

முதல் ஊசி மட்டும், அதுவும் ஒரு வாரத்துக்குள் காய்ச்சல் வந்திருந்தால் அது பெரிதாகக் காப்பாற்றியிருக்காது என்பது அவளுக்குத் தெரியும். அதைச் சொன்னால் தன் பாரம் கொஞ்சம் குறையும் என்பதும் தெரியும்.

"தெரியலை" என்றாள். "முதல் ஊசி வேலை செய்ய ரெண்டு வாரமாகும். ஆனா நான் உண்மையைச் சொல்லியிருந்தா நீங்க அவளைக் கொஞ்ச நாள் வெளியில விடாம பார்த்திருப்பீங்க. இந்தத் தெருவுல மத்தப் பிள்ளைங்களும் போட்டிருக்கும். அப்போ அவளுக்கு வந்தே இருக்காதோ என்னவோ. பொழைச்சிருக்க வழி இருந்தது. நான் அதை அடைச்சேன்."

அவர் மனைவியைப் பார்த்து, "உக்காரு" என்றார். அவள் இன்னொரு மூட்டைமேல் உட்கார்ந்தாள். அவர் ஊசியக்காவைப் பார்க்காமலே, "நீங்க போங்க. இனிமே இந்தப் பக்கம் வராதீங்க" என்றார்.

மெக்கானிக் இரண்டாவதாக ஒரு செய்தி அனுப்பினான். என் பையனுக்கு ஊசி போடவே இல்லை, எனக்கே இப்போதுதான் தெரியும், போட்டுக்கொள்ளுங்கள் என்று கெஞ்சினான். அதை யாரும் அவ்வளவாக அனுப்பிப் பரப்பவில்லை. மேலிடத்தில் மிரட்டி மாற்றிப் பேசவைத்துவிட்டார்கள் என்று சில பேர் சொன்னார்கள். நிலையத்தில் வரிசை மெல்ல மெல்லக் கூடி முப்பதைத் தொட இரண்டு மாசம் ஆனது. அந்த இரண்டு மாசத்தில் அந்தச் சுற்றுவட்டாரத்தில் இன்னும் நான்கு குழந்தைகள் போயின. அவற்றில் எது யாருடைய கணக்கு என்று சொல்ல யாராலும் முடியாது.

விசாரணை நடந்தது. ஊசியக்காவின் வேலையும் நர்ஸ் பதிவும் போயின. மெக்கானிக் பையனைத் தூக்கிக்கொண்டு தன் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டான். தங்கை வாரத்துக்கு இரண்டு நாள் போய்ப் பார்த்துவிட்டு வருகிறாள். ரொட்டிக்கடையைக் காலி செய்துவிட்டார்கள். ஊசியக்கா ஒரு முதியோர் இல்லத்தில் படுக்கை விரிப்புகள் துவைக்கிற வேலைக்குச் சேர்ந்தாள்.

டாக்டரம்மா சொன்னதும் நடந்தது. விஷயம் வெளியானதிலிருந்து அவள் வீட்டுக் கதவை யாராவது தட்டிக்கொண்டே இருந்தார்கள். பழைய அட்டைகள், மடித்து மடித்துக் கிழிந்த அட்டைகள், காபிக் கறை பட்ட அட்டைகள். எல்லாவற்றிலும் அவள் கையெழுத்து. "இதுல நீங்கதான் போட்டதா இருக்கு. நிஜமாவே போட்டீங்களா?" சில பேர் திட்டினார்கள். ஒரு தகப்பன் அட்டையை அவள் முகத்துக்கு நேரே பிடித்தபடி நின்றார். அவள் ஒவ்வோர் அட்டையையும் வாங்கிப் பார்த்தாள், தேதியைப் பார்த்தாள், "போட்டேன்" என்றாள். வேறு எதையும் சேர்த்துச் சொல்லவில்லை.

ஒரு சனிக்கிழமை காலையில், முன்பு காய்கறிப் பையோடு மாமியாருக்குத் தெரியாமல் ஓடி வந்தவள் வந்தாள். குழந்தை நடக்கிற வயசுக்கு வந்திருந்தது. அவளும் அட்டையை நீட்டினாள்.

"போட்டேன்மா" என்றாள் ஊசியக்கா. "நீ பக்கத்துல நின்னு பார்த்தியே."

"பார்த்தேன் அக்கா" என்றாள் அவள். "ஆனா இப்போ நான் என்னத்தைப் பார்த்தேன்னு எனக்கே நிச்சயமா தெரியலை."

அட்டையை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு, குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு, சுகாதார நிலையம் இருக்கிற பக்கம் நடந்தாள், மறுபடியும் போடச் சொல்லிக் கேட்டுப் பார்க்க.